ஹாரனுக்குச் சுரக்கும் மாடுகள்

டைம் அக்காவின் மாடுகள் ஹாரன் சத்தம் கேட்டால்தான் பால் விடும். வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அந்தத் தெருவில் யாரும் சிரிப்பதில்லை. அங்கே பத்தொன்பது வீட்டு மாடுகளும் அப்படித்தான். பழக்கிவிட்டவள் அவள்.

கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு மாட்டின் எந்தப் பக்கம் உட்கார்ந்து கறப்பது என்றுகூடத் தெரியாது. சட்டைக் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தவள். மணிக்கு நாற்பது காலர். ஒன்று குறைந்தாலும் மேஸ்திரி தலைக்கு மேல் வந்து நிற்பார். கை, கடிகாரத்தோடு சேர்ந்து ஓடிப் பழகிவிட்டது. புகுந்த வீட்டிலோ எல்லாம் ஏனோதானோ. ஒரு நாள் ஐந்து மணிக்குக் கறப்பார்கள், ஒரு நாள் ஆறரைக்கு. கறந்த பால் கேனில் காத்துக் கிடக்கும். பால் கம்பெனி வண்டி வருவதற்குள் சூடேறி, வாரத்தில் இரண்டு நாளாவது புளித்துவிட்டது என்று திருப்பிவிடுவார்கள்.

ஒரு வாரம் அவள் வாயைத் திறக்காமல் கவனித்தாள். வண்டி பாலத்துத் திருப்பத்தில் வரும்போது நீளமாக ஒரு ஹாரன் அடிக்கும். அங்கிருந்து தெருவுக்கு வந்து சேர இருபது நிமிடம். அதற்குள் கறந்தால் பால் கேனில் ஆறுவதற்குள் வண்டியில் ஏறிவிடும். அன்றிலிருந்து ஹாரன் கேட்டதும் தொட்டியில் தவிட்டைக் கொட்டினாள், வெந்நீரில் மடியைத் துடைத்தாள், உட்கார்ந்தாள். காலையும் மாலையும் அதே வரிசை. ஒரு மாதம் போனதும் தவிடுகூடத் தேவைப்படவில்லை. பாலத்தில் ஹாரன் கேட்டால் மாடு பெருமூச்சு விடும், மடி இறுகும், தொடுவதற்கு முன்பே காம்பில் சொட்டு நிற்கும்.

"கம்பெனி வண்டிக்கும் மாட்டுக்கும் நேரடியாப் பேச்சுவார்த்தை முடிஞ்சுபோச்சு. நடுவுல நாம எதுக்கு?" என்றான் வீட்டுக்காரன்.

தெருவே அவளைப் பார்த்துப் பழகியது. அடுத்த ஆண்டு முழுவதும் அந்தத் தெருவிலிருந்து ஒரு கேன்கூடத் திரும்பவில்லை. கம்பெனி விழா நடத்தி அவளை மேடையேற்றி, எப்படிச் செய்தாய் என்று கேட்டது. மைக்கைப் பிடித்து விவரமாகச் சொன்னாள். கைதட்டினார்கள். பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அதன் முகத்தில் ஒரு மாடு சிரித்துக்கொண்டிருக்கும். அதைத் தொழுவத்துச் சுவரில் மாட்டினாள். டைம் அக்கா என்ற பெயர் அன்று வந்தது. இது நடந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன.

இந்த ஆண்டு வண்டியின் பக்கவாட்டில் மூன்றாவது தடவையாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. கொள்முதல் விலை இன்னும் இறக்கப்படுகிறது. தீவன மூட்டை இரண்டு தடவை ஏறியிருந்தது. இனிமேல் ஊற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் மாடு தின்றதுகூடத் திரும்பாது. இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் பென்சில் வேண்டியிருக்கவில்லை.

விளக்கம் சொல்லக் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்தான். சாணி படாமல் இருக்கக் கால்சட்டையைக் கணுக்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றான்.

"பால் பவுடர் தேங்கிக் கெடக்குதுங்க. கொடவுன் பூரா மூட்டை. வாங்க ஆளில்ல."

"கடையில பாக்கெட் வெல எறங்கலையே தம்பி?" என்றாள்.

"அது வேற டிபார்ட்மெண்ட்டுங்க்கா."

"மாடு ஒண்ணுதானே? அதுக்குள்ளயும் ரெண்டு டிபார்ட்மெண்ட் வச்சிருக்கீங்களா?"

கூட்டம் சிரித்தது. தம்பியும் சிரித்துவைத்தான். "உங்க கஷ்டத்த மேல சொல்றேங்க" என்றான்.

"மேலன்னா எத்தனாவது மாடிப்பா?" என்றாள் நாத்தனார். அடுத்த வீட்டுக்காரி அவள். வீட்டுக்காரனின் தங்கை. இரண்டு மாடு, வாய் மட்டும் நாலு மாட்டுக்கு.

தம்பி போனதும் டைம் அக்கா சொன்னாள்: "மூணு நாள். ஒரு சொட்டு ஊத்த வேணாம். பத்தொம்பது வீடும். பாக்கெட்டுல தண்ணிய அடைச்சு விக்கட்டும்."

பத்தொன்பது வீடும் கை தூக்கியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் வேறொரு வண்டிக்குப் பால் ஊற்றுகிறவர்கள். அவர்களிடமிருந்தும் சேதி வந்தது: நீங்கள் மூன்று நாள் நின்று காட்டுங்கள், நாலாம் நாள் நாங்களும் நிறுத்துகிறோம். அப்படி நடந்தால் கம்பெனி இறங்கி வந்தே ஆக வேண்டும். மூன்று நாள்தான் கணக்கு.

"கறந்த பால என்ன பண்றது?" என்று சோடாக்கடைக்காரர் கேட்டார். அவருக்கும் இரண்டு மாடு உண்டு.

"தயிராக்குங்க. வெண்ணெ எடுங்க. இல்ல குளிங்க."

பாலை என்ன செய்வது என்று எல்லோரும் யோசித்தார்கள். பால் எப்படி வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. அவளும்தான்.

பால் கிடையாது என்று கம்பெனிக்குச் சொல்லியாகிவிட்டது, முதல் நாள் காலை வண்டி வரவில்லை. கடிகாரத்தில் ஆறு பத்து, ஹாரன் நேரம். அவள் பெரியவளின் கீழே உட்கார்ந்தாள். நாலு மாட்டில் மூத்தது, அதிகம் கறப்பது. மடி நிறைந்திருந்தது. காம்பைப் பிடித்தால் நாலு பீச்சல் வந்து நின்றுவிட்டது. பெரியவள் கழுத்தைத் திருப்பித் தெருவைப் பார்த்தாள்.

"என்னடி பாக்குற? வராது. வேல நிறுத்தம்."

வீட்டுக்காரன் தொழுவத்து வாசலில் நின்று இரண்டு கையையும் வாயில் குவித்து "பாஆஆம்" என்றான். மாடு அவனை இரக்கத்தோடு பார்த்தது. மொபெட்டை உருட்டி வந்து ஹாரனை அழுத்தினான்.

"எடுத்துட்டுப் போங்க அத. வயித்தெரிச்சல கெளப்பாதீங்க."

"சின்ன வண்டிய அது மதிக்கலடி."

கன்றை விட்டுப் பார்க்கலாம் என்றால் அந்தத் தெருவில் கன்றுகள் எல்லாம் பிறந்த மூன்றாம் நாளிலிருந்து வாளியில் குடித்து வளர்ந்தவை. காம்பருகே கொண்டுபோனால் விரலைத் தேடின. சோடாக்கடைக்காரர் போனில் லாரி ஹாரன் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டின் காதருகே வைத்தார். மாடு சாணி போட்டது.

எல்லா வீட்டிலும் மூன்றில் ஒரு பங்குதான் இறங்கியது. மீதி மடியிலேயே நின்றது. சாயங்காலமும் அப்படியே.

இரண்டாம் நாள் மடிகள் கல்லாகிவிட்டன. தொட்டால் சுட்டது. இதுவரை ஒரு தடவைகூடக் காலைத் தூக்காத பெரியவள் அவளை உதைத்தாள். முட்டிக்கு மேல் பட்டது. மடியில் பால் கட்டினால் நோய் வரும். நோய் வந்தால் ஒரு காம்பாவது போகும். காம்பு போன மாட்டை வாங்குகிறவன் கறக்க வாங்க மாட்டான். மாட்டு டாக்டர் போனை எடுத்து, "நாளைக்குச் சாயந்திரம்தாம்மா வர முடியும், வெந்நீர் ஒத்தடம் குடுத்துக்கிட்டே இருங்க" என்றார். ஒத்தடம் கொடுத்தாள். காலர் தைத்த விரல்களால் ஒவ்வொரு காம்பாக நீவினாள். கிடைத்தது ஒரு செம்புகூட இல்லை.

அன்று மாலை அவள் வாசலில் கூடிவிட்டார்கள்.

"நமக்கும் கம்பெனிக்கும் சண்ட. மாடு என்னக்கா பண்ணுச்சு?" என்றார் சோடாக்கடைக்காரர்.

"இன்னும் ஒரே நாள்ணே. நாளைக்கு டாக்டர் வந்துருவார்."

"உங்களுக்கென்ன அண்ணி, உங்க மாட்டுக்கு டைம் தெரியும். மூணு நாளுன்னு சொல்லிவச்சிருப்பீங்க" என்றாள் நாத்தனார். யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஒரே நாள் என்று டைம் அக்கா மறுபடியும் சொன்னாள். கலைந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை ஆறு பத்துக்குப் பாலத்தில் ஹாரன் கேட்டது.

நீளமான, பழைய, அதே ஹாரன். தொழுவத்தில் மூன்று மாடுகள் ஒன்றாகப் பெருமூச்சு விட்டன. அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் சிமெண்ட் தரையில் பால் கொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு இல்லை, கோடாக, காம்புக்கு ஒரு கோடாக இறங்கியது. வீட்டுக்காரன் கையில் கிடைத்த பக்கெட்டோடு ஓடிவந்தான். அது குளியலறை பக்கெட். பக்கத்து வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம். "கடவுளே, கடவுளே" என்று நாத்தனார் குரல். பிறகு தெரு முழுக்கப் பேச்சு நின்று, வாளிகளில் பால் பீச்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. சுரப்பு வந்தால் ஏழெட்டு நிமிடம்தான் நிற்கும். விட்டால் போயிற்று.

பெரியவள் மட்டும் இறங்கவில்லை. இரண்டு நாள் வலியில் மிரண்டுபோயிருந்தாள். மடியில் சிவப்பு ஓடியிருந்தது. டைம் அக்கா நீவினாள், துடைத்தாள், கெஞ்சினாள். நாலு பீச்சல், நின்றது. இதற்குள் வண்டி தெருவுக்குள் வந்து அவள் வீட்டுக்கு எதிரே நின்றிருந்தது. வண்டிக்காரர் கதவைத் திறந்து காலை வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் தொழுவத்திலிருந்தே கத்தினாள்.

"அண்ணே! இன்னொரு தடவ அடிங்க!"

"என்னம்மா?"

"ஹாரன்ணே! நீளமா! பாலத்துல அடிப்பீங்களே, அப்படி!"

தெருவில் எல்லோருக்கும் கேட்டது. வண்டிக்காரர் ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு உள்ளே சாய்ந்து அழுத்தினார். விடாமல் அழுத்தினார். பெரியவள் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. மூச்சு விட்டாள். டைம் அக்கா மாட்டின் விலாவில் நெற்றியை வைத்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமல், கடைசிச் சொட்டு வரை கறந்தாள். இரண்டு வாளி.

வெளியே வந்தபோது வண்டியின் பின்னால் கேன்கள் வரிசையில் நின்றன. எண்ணவில்லை. எண்ணாமலே தெரிந்தது. நாத்தனார் மூன்றாவதாக நின்றாள்.

"என்னடி இது?"

"நீங்கதானே அண்ணி அடிக்கச் சொன்னீங்க?"

"மாட்டுக்காகச் சொன்னேன்டி."

"நாங்க மட்டும் யாருக்காகக் கறந்தோம்? ரெண்டு நாள் பாலு அண்ணி. எங்க கொண்டுபோய்க் கொட்ட? நீங்களே கூப்பிட்டீங்க, முடிஞ்சுதுன்னு நெனச்சோம்."

வண்டிக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் கேன் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என்னையத் திட்டாத தங்கச்சி. பால் கேளுன்னு ஒருத்தரும் சொல்லல. வழக்கமான நேரத்துல போயி ஹாரன் மட்டும் அடிச்சிட்டு நில்லு போதும்னாங்க."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீதானேம்மா மேடையில சொன்ன. கடியாரம் வாங்குன அன்னைக்கு."

அவள் அன்று பால் ஊற்றவில்லை. அவளுடைய மூன்று கேனும் வாசலில் நின்றன. யாருக்கும் எந்த நட்டமும் இல்லை, அவளைத் தவிர. மத்தியானத்துக்குள் புளித்தது. வீட்டுக்காரன் தூக்கிக்கொண்டுபோய்த் தென்னை மூட்டில் கொட்டினான். பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சேதியும் வரவில்லை. நாலாம் நாள் காலை அவளும் வரிசையில் நின்றாள். விலை அந்தத் தாளில் இருந்தபடியே இருந்தது. வரிசையில் யாரோ, "ஹாரன் அக்கா வந்தாச்சு, வண்டிய எடுக்கலாம்" என்றார்கள்.

அதற்கு மறுநாள் அவள் ஐந்தரைக்கே தொழுவத்துக்குப் போனாள். கடிகாரத்தைக் கழற்றி வைக்கோல் போரின் மேல் கவிழ்த்து வைத்தாள். கரண்டியால் வாளியில் மூன்று தட்டு தட்டினாள். தவிடு கொட்டினாள், மடியைத் துடைத்தாள், உட்கார்ந்தாள். நாலு பீச்சல். ஆறு பத்துக்குப் பாலத்தில் ஹாரன் கேட்டதும் மீதி இறங்கியது. மறுநாளும் அப்படித்தான். பத்து நாள் ஹாரன் வரும்போது எழுந்து வெளியே போய்விட்டாள். தரையில் பால் வீணாய் ஓடுவதைப் பார்க்காமல் இருக்கத்தான்.

"இருக்கிற வெலைக்கு இதுவும் போச்சா?" என்றான் வீட்டுக்காரன்.

"போகட்டும்."

"பதினாலு வருஷம் பழக்குனதடி."

"நான் பழக்குனதுதானே."

கரண்டித் தட்டுக்கு நாலு மாடும் பால் விட நாற்பத்து மூன்று நாள் ஆயிற்று. பெரியவள்தான் கடைசி.

மழைக்காலம் தொடங்கியபோது வண்டியில் நாலாவது தாள் ஒட்டியிருந்தது. அன்று காலை அவள் கறந்து முடித்துத் தொழுவத்தைக் கழுவிவிட்டிருந்தாள். பாலத்தில் ஹாரன் அடித்தது. நாலு மாடும் அசைபோட்டுக்கொண்டிருந்தன. பெரியவள் ஒரு காதை மட்டும் திருப்பினாள். டைம் அக்கா குனிந்து மடிக்குக் கீழே தரையைப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை.

கேனைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டிக்காகக் காத்து நின்றாள். வண்டிக்காரர் இறங்கி, கேனை வாங்கி, தாளைக் கண்ணால் காட்டினார்.

"உங்க வீட்டு மாடு இப்ப ஹாரன மதிக்கறதில்லையாமே?"

"மதிக்கல."

"அப்ப அடுத்த தடவ நிப்பீங்க?"

"நாலு மாட்ட வச்சுக்கிட்டா?"

அவர் கேனைச் சாய்த்தார். பால் டாங்கிக்குள் இறங்கியது.

அன்று மாலை பாலத்தில் ஹாரன் கேட்டதும் அவள் நேரே நாத்தனார் தொழுவத்துக்குள் நுழைந்தாள். நாத்தனார் ஹாரனுக்குக் கறந்துகொண்டிருந்தாள், அவசர அவசரமாக, இரண்டு கையாலும்.

"தாளப் பாத்தியா?"

"பாக்காம? எழவெடுத்தவனுங்க."

"நாளைக்கு அஞ்சரைக்கு எந்திரி. கரண்டியும் வாளியும் எடுத்துட்டு வர்றேன். நாப்பது நாள்ல பழகிரும்."

"நாப்பது நாள் பால் கொறையுமே அண்ணி."

"கொறையும்."

"இந்த வெலையிலயா?"

"இந்த வெலையிலதான்."

"பாக்கலாம் அண்ணி" என்றாள் நாத்தனார், காம்பிலிருந்து கையை எடுக்காமல். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சுரப்பு போயிரப் போகுது."