கையெழுத்துப் போடாத தெரு

விருதுக்கு விண்ணப்பம் எழுதப்போகும் இளையவர்களே, பேனரும் போட்டோவும் தேநீர் குடிக்கும் கூட்டமும் விண்ணப்பத்தைத் தடிமனாக்கும், பலமாக்காது. எனக்கு இது புரிந்தது 2009இல், விண்ணப்பம் அனுப்ப வேண்டிய கடைசி நாளில்.

அப்போது கடலூரில் ஒரு வடிகால் வடிவமைப்பு நிறுவனத்தில் மக்கள் பங்கேற்பு அலுவலராக இருந்தேன். சிதம்பரத்தில் ஒரு மழைநீர் வடிகாலுக்கு டிராயிங் எங்களுடையது. எங்கள் தொழில்காரர்களின் சங்கம் ஒன்று, மக்களைக் கேட்டு வேலை செய்கிறவர்களுக்கு விருது தருகிறது. அது கிடைத்தால் அடுத்த வேலை வரும். கிடைக்காவிட்டால் ஒப்பந்தத்தில் இருந்த நாங்கள் நாலு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். டைரக்டர் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

விண்ணப்பம் முடிந்துவிட்டது, ஒரு கேள்வி தவிர. "மக்கள் சொன்னதால் திட்டத்தில் என்ன மாறியது? சொன்னவர்களின் கையெழுத்தோடு காட்டுக."

எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. மெயின் ரோட்டுத் தண்ணீரை ஒரு பள்ளமான தெரு வழியாகக் கொண்டுபோவதாக முதலில் போட்டிருந்தோம். தண்ணீர் வீட்டுக்குள் வரும் என்று அந்தத் தெருக்காரர்கள் சண்டை போட்டார்கள். பின்பக்க வாய்க்காலுக்குத் திருப்புகிறோம் என்று டைரக்டரே கூட்டத்தில் ஒத்துக்கொண்டார். இதைவிட நல்ல பதில் எங்கே கிடைக்கும்?

வருகைப் பதிவைப் புரட்டினேன். அந்தத் தெருவிலிருந்து ஒரு கையெழுத்துகூட இல்லை. எல்லாக் கூட்டத்துக்கும் வந்தார்கள்; ஷாமியானாவுக்கு வெளியே நின்றே கத்திவிட்டுப் போனார்கள். கையெழுத்துப் போட்டால் சம்மதித்ததாக ஆக்கிவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். வாயே திறக்காமல் போண்டா சாப்பிட்டவர்கள் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தார்கள்.

"அவ்ளோ கத்துனாங்களே, ஒருத்தருமா போடல?" என்றார் டைரக்டர்.

"இல்ல சார்."

"போயி வாங்கிட்டு வாங்க வசந்தா. சாயங்காலம் கூரியர் போறதுக்குள்ள வேணும்."

சிதம்பரம் பஸ் ஏறினேன். சத்தமாகப் பேசியவர் ஸ்டெல்லா. அந்தத் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். நாள் முழுக்க ஊராருடைய பத்திரங்களை நகல் எடுக்கிறவர். நான் நீட்டிய விண்ணப்பத் தாளை நின்றபடியே வாசித்தார்.

"வழிய மாத்திட்டோம்னு எழுதியிருக்கீங்க. மாத்துன டிராயிங் எங்க?"

"ஆபீஸ்ல இருக்கு."

"அதுல யாரு கையெழுத்துப் போட்டது?"

"இன்னும் யாரும் போடல" என்று உண்மையைச் சொன்னேன். பென்சிலில் போட்ட டிராயிங் டைரக்டர் மேஜையில் மாதக்கணக்காகக் கிடந்தது. புது வழி நீளம், கான்கிரீட் ஜாஸ்தி. அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். விருதுக்கு மட்டும் மாற்றியாகிவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது.

"உங்க டைரக்டரு மொதல்ல போடட்டும் மேடம். நாங்க வேலைய பாத்துட்டுப் போடுறோம்."

"இன்னைக்கு கடைசி நாள்மா. என் வேலையே இதுலதான் இருக்கு."

"தெரியுது மேடம், பாவமாதான் இருக்கு. ஆனா தண்ணி வந்தா எங்க வீட்டுக்குள்ளதான வரும்?"

டைரக்டருக்கு போன் போட்டு, அவர்கள் கேட்பதைச் சொன்னேன். "அவங்க பக்கமா பேசுறீங்களா?" என்று எரிந்து விழுந்தார்.

எங்கிருந்து தைரியம் வந்ததோ, "டிராயிங்க எடுத்துக்கிட்டு நீங்களே வாங்க சார். இல்லன்னா கையெழுத்துப் பக்கத்த காலியா அனுப்புங்க" என்றேன். போனை வைத்துவிட்டார். அவர் வருவாரா, மாட்டாரா என்று கடை ஸ்டூலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா வாங்கிக் கொடுத்த டீ ஆறிப்போனது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் கார் வந்து நின்றது. டைரக்டர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு இறங்கினார். தெரு ஜனம் சுற்றி நிற்க, டிராயிங்கை ஜெராக்ஸ் மெஷின்மேல் விரித்து, பென்சில் கோட்டின் மேல் பேனாவை ஓட்டி, கையெழுத்தும் சீலும் போட்டார்.

"இப்ப நீங்க போடலாமில்ல?"

ஸ்டெல்லா டிராயிங்கை மடித்து மடித்து நகல் எடுத்தார். "ஒரிஜினல் எங்ககிட்ட இருக்கட்டும் சார். ஜெராக்ஸ் உங்களுக்கு. எங்க கையெழுத்து வேல முடிஞ்சப்புறம்."

அந்த நகலோடுதான் கூரியர் போனது.

விருது வரவில்லை. மக்களின் கையெழுத்து இணைக்கப்படவில்லை என்று ஒரு வரிக் குறிப்பு வந்தது. நாலு பேரில் இரண்டு பேரை நிறுத்தினார்கள். முதல் பெயர் என்னுடையது. அந்த வாரம் முழுக்க ஸ்டெல்லாமேல் எனக்கிருந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த ஐப்பசியில் அவரே போன் செய்தார். கோடையிலேயே கான்ட்ராக்டர் ஆட்கள் பழைய டிராயிங்கோடு வந்து தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டார்களாம். இவர்கள் சீல் போட்ட டிராயிங்கைக் காட்ட, கோட்டை அழித்துவிட்டு வாய்க்கால் பக்கம் போய்த் தோண்டி வேலையை முடித்தார்களாம்.

"நாலு நாளா அடைமழ மேடம். வாசப்படி நனையல. ப்ரைஸ் வந்துச்சா?"

"வரலம்மா."

மக்கள் கையெழுத்தைக் கேட்பதற்கு முன்னால் நம் கையெழுத்தைப் போட்டுக் கொடுக்க வேண்டும். இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான். கோபம் அன்றைக்குத்தான் போனது.

"அந்தத் தாள எடுத்துக்கிட்டு வாங்க மேடம். தெருவே கையெழுத்துப் போடுறோம்."

வேலை போன விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. மறுநாள் பஸ் ஏறிப் போய்க் கையெழுத்துகளை வாங்கி வந்தேன்.