ஆறாம் எண் மரத்தின் சூப்பர்வைசர்

"நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு" என்று எண்ணி முடித்தவள், நம்பிக்கை வராமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறாள். எட்டாம் வகுப்பு படிக்கும் இந்தப் பெண்ணுக்குக் கூடப் படிப்பவர்கள் வைத்த பெயர் சூப்பர்வைசர். ஊர்ப் பொதுமன்றத்தின் கலைப் போட்டிக்காக வகுப்பு மொத்தமும் சேர்ந்து ஒரு கிறிஸ்துமஸ் மரத்தை அலங்கரித்திருக்கிறது. ஆளுக்கொன்றாக நாற்பத்திரண்டு பொருள்கள், எல்லாம் கையால் செய்தவை. தலைவி இவள்தான். போன இரண்டு வருடமும் கடைசி இடம் வாங்கிய பள்ளி இது. இந்த முறையும் அப்படியே ஆனால் பழி தன் தலையில்தான் விழும் என்று ஒரு வாரமாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவள் பையில் பசை இரண்டு, கத்தரிக்கோல் இரண்டு, அந்த இரண்டும் காணாமல் போனால் என்ன செய்வது என்று மூன்றாவதாக ஒன்று. கவலைப்படுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"மிஸ், மழை வந்தா என்ன பண்றது?"

"ஹாலுக்குள்ளதானேடி போட்டி!"

"ஹால் ஒழுகினா, மிஸ்?"

ஓவிய ஆசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார். கேட்பவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் வேனில் மரத்தை மல்லாத்திப் படுக்கவைத்து ஏற்றியபோது, ஆடாமல் அசையாமல் வழி முழுக்க அதைக் குனிந்து பிடித்துக்கொண்டு வந்ததும் அவள்தான்.

மன்றத்தில் மரத்தை நிமிர்த்தியதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. அவர்கள் மரம் நிற்கவேண்டிய இடத்தில் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு உள்ளே ஆறு என்று எழுதியிருந்தார்கள். அந்த வட்டம் கூடத்தின் நட்டநடுவில்! நடுவர்கள் சுற்றி வந்து பார்ப்பார்களாம். வகுப்பறையில் இந்த மரம் இரண்டு வாரமும் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே மூலையில்தான் நின்றது. கைக்கு எட்டிய பக்கமெல்லாம் ஜொலித்தது. எட்டாத பக்கம் மொட்டையாக இருந்தது. மழைக்கும் ஒழுகலுக்கும் கவலைப்பட்டவளுக்கு, மரத்துக்கு முதுகு என்று ஒன்று உண்டென்பது மட்டும் தோன்றவே இல்லை.

"இன்னும் எவ்ளோ நேரம், மிஸ்?"

"பத்து நிமிஷம்தான்டி."

பெரியவர்கள் தொட்டால் மரத்தைப் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். பாவம், ஆசிரியை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தவித்தார்.

"முன்னாடி இருக்கறதுல பாதிய எடுத்துப் பின்னாடி கட்டிடலாம். சீக்கிரம் வாங்க!" என்றாள் சூப்பர்வைசர். ஒருவரும் அசையவில்லை.

"என்னோடதத் தொடாத, ஆமா! எங்கப்பா பாக்க வராரு," என்றான் கொக்கு என்று பெயரெடுத்த நெட்டைப் பையன்.

"எங்க சித்தி லீவு போட்டு வராங்க," என்றாள் இன்னொருத்தி. "உன்னோடது மட்டும் நடுவுல ஜம்முனு இருக்கு. நீ பேசுவ!"

உண்மைதான். சரியாகக் கண் மட்டத்தில் தொங்கிய சிவப்புப் பறவை அவளுடையது. கிழிந்த குடைத் துணியில் மூன்று வாரம் உட்கார்ந்து தைத்தது. விரலில் ஊசி குத்தாத நாள் இல்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் அவள் அம்மா வந்து நின்றாள். வேலை பார்க்கும் துணிக்கடையில் அரைமணி நேரம் அனுமதி கேட்டு ஓடிவந்திருந்தாள், மூச்சு வாங்கியது. மகளைப் பார்த்துக் கையசைத்து, "எங்கடி உன் பறவை?" என்று தூரத்திலிருந்தே உதட்டசைவில் கேட்டாள்.

மகள் பறவையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அது அவிழவில்லை, பையிலிருந்த கத்தரிக்கோல் நினைவுக்கும் வரவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பறவையை எடுத்துக்கொண்டு மரத்தின் பின்னால் போய், வெறுங்கிளை ஒன்றில் கட்டினாள்.