ஒரே சுருக்கப் பெயரில் இரண்டு கம்மூன்கள்

நஸீஹா கம்மூன், பிறப்பு துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரம், 1988 மார்ச் 9. என் சித்தப்பாவின் மகள். 2012 செப்டம்பர் முதல், ஆலைகளில் ஆலிவ் எடைபோடும் மென்பொருள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை. 2022 ஆகஸ்டில் அதன் நிரல் களஞ்சியங்கள் முப்பத்தொன்றையும் வாடகைச் சர்வரிலிருந்து அலுவலகத்துச் சொந்தச் சர்வருக்கு மாற்றியவள் அவளே. இவை உறுதியானவை. இனி வருவதில் பாதி அவள் வாய்மொழி. மீதியை அலுவலகத்தில் நானே விசாரித்தேன்.

பழைய சர்வர், ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவரின் சுருக்கப் பெயரை மட்டுமே குறித்து வைத்திருந்தது. புதியதற்கு முழுப்பெயர் வேண்டும். ஆகவே எந்தச் சுருக்கப் பெயர் யாருடையது என்று முதலில் ஒரு பட்டியல் எழுதித் தர வேண்டும். 'என்கம்மூன்' (முதலெழுத்து N, பிறகு குடும்பப் பெயர்) என்பதற்கு நேரே நஸீஹா தன் பெயரை எழுதினாள். அவளுக்கு முன் அந்தப் பெயரில் வேலை செய்தவன் எங்கள் பெரியப்பா மகன் நூரி. அவன் மொண்ட்ரியால் போனதும் பெயரை மாற்றாமல் அவளிடம் கொடுத்துவிட்டார்கள். எழுதும்போது அது தோன்றவில்லை என்கிறாள்; நூரி செய்த பழைய மாற்றங்களும் அவள் பெயரிலேயே ஏறிவிட்டன. எங்கள் குடும்பப் பதிவேட்டை எழுதி வருபவன் நான்; பிறந்த தேதி இல்லாமல் எந்தக் கம்மூனையும் அதில் ஏற்றுவதில்லை.

நவம்பரில் ஒரு விவசாயி தன் மூட்டைகளை வேறிடத்தில் எடைபோட்டுப் பார்த்துவிட்டுப் புகார் செய்தார். நிரலைத் தேடியபோது, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ குறைக்கும் வரி ஒன்று அகப்பட்டது. தேதி 2011 டிசம்பர் 12. அந்த அறுவடைக் காலத்தில் நஸீஹா பயிற்சிக்கு வந்து, நூரியின் பக்கத்தில் அமர்ந்து, அவன் பெயரிலேயே தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். தேதி அவளைக் காப்பாற்றவில்லை.

"இத யாரு எழுதினது?" என்றார் உரிமையாளர் சி ஹஷ்மி; 'சி' என்பது எங்கள் ஊரில் 'ஐயா' போல.

"நூரி, சி ஹஷ்மி."

"திரையில நஸீஹான்னு இருக்கே?"

"பட்டியல்ல நான்தான் தப்பா போட்டுட்டேன். பழைய பிரதியிலருந்து திரும்ப மாத்தித் தர்றேன்."

"பழைய சர்வரத்தான் அழிச்சாச்சே. பிரதி எங்க இருக்கு?"

"எங்க வீட்டுல."

"கேட்டியா லுத்ஃபி? எழுதினதும் இவங்க, திருத்தப் போறதும் இவங்க, மூலமும் இவங்க வீட்டுல!"

பக்கத்து மேசை லுத்ஃபி சிரித்தான். "கம்மூன்னா சீரகம்தானே, சி ஹஷ்மி. ரெண்டு பொட்டலத்தக் கொட்டிக் கலந்தப்புறம் எது யாரோடதுன்னு பொறுக்கவா முடியும்?"

அவள் வேலையும் நாணயமும் அந்த ஒரு வரியில் தொங்கின. நான் நூரியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அந்த எடை வரி உன்னோடதாடா?"

"பதினோரு வருஷம் ஆச்சுண்ணா. என் பேர்ல இருந்த எல்லாத்தையும் அவ எடுத்துக்கிட்டா. இது ஒண்ணு மட்டும் வேணாமாமா?"

மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. நஸீஹாவிடம் போனேன்.

"உண்மையச் சொல்லும்மா. நீ எழுதலையே?"

"அண்ணா, நீங்களுமா?"

"கேக்கணும்ல."

"எழுதல. ஆலைக்காரர் கேட்டாருன்னு நூரி எழுதினான். நான் பக்கத்துல இருந்து பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல."

இதை சி ஹஷ்மியிடமும் அவளே சொன்னாள். பார்த்தவள் செய்தவளாகவும் இருக்கலாமே என்றார் அவர். சர்வர் சாவியை மேசையில் வைக்கச் சொன்னார். வைத்தாள். 2023 ஜனவரியில் விலகல் கடிதம் கொடுத்தாள்.

பயிற்சிக் காலம் நீங்கலாக, பணிக்காலம்: பத்து ஆண்டு, நான்கு மாதம்.