தெவசத்தன்று நனைந்த கட்டு

அம்மாவுக்கு, அதாவது என் மாமியாருக்கு, வலது இடுப்பு மூட்டு மாற்றிய பன்னிரண்டாம் நாள் மாமனாரின் தெவசம் வந்தது. தையல் பிரித்திருக்கவில்லை. கட்டின் மேல் தண்ணீர் படவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற நர்ஸ் எனக்குத்தான் கற்றுக்கொடுத்திருந்தாள்.

தெவசச் சமையல் நான் செய்ய வேண்டியது. ஆனால் எட்டு மாதக் குழந்தை என் இடுப்பை விட்டு இறங்காது. யாரையும் தொடாமல் மடியாக நிற்க என்னால் முடியாது. செம்பூரிலிருந்து சமையல் மாமி ஒருவரை வரவழைக்கலாம் என்றேன். அம்மா ஒப்பவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டே பண்ணிவிடுவதாகச் சொன்னார். எனக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது.

அன்று காலை குளியலறையில் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அதுவரை நான் ஈரத்துணியால் துடைத்து மட்டுமே விட்டிருந்தேன். பிறகு குழந்தையோடு சமையலறை வாசலில் போய் நின்றேன். அம்மாவின் மடிப்புடவையில், வலது இடுப்பருகே, உள்ளங்கை அளவு ஈரம். நடுவில் வெளிறிய சிவப்பு.

நான் தொட்டால் அவர் மறுபடி குளிக்க வேண்டும். ஆன சமையலெல்லாம் வீண். சாஸ்திரிகள் மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கிவிட்டதாக அப்போதுதான் போன் வந்திருந்தது.

அம்மா திரும்பினார். "என்ன பாக்கறே?"

"ஒண்ணுமில்லைம்மா."

எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்ப மூன்று மணியாயிற்று. அம்மா அசந்து தூங்கினார். எழுப்ப மனம் வரவில்லை. விளக்கேற்றும் நேரத்தில் கட்டைப் பிரித்தேன். பஞ்சு ஊறிக் கிடந்தது.

நான்காம் நாள் குளிர் காய்ச்சல். பிறகு சீழ். மறுபடி திறந்து கழுவியும் அடங்கவில்லை. கிருமி மூட்டுவரை போய்விட்டது, வைத்ததை எடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். திரும்ப வைக்க முடியுமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். கட்டு எப்போதாவது நனைந்ததா என்றும் கேட்டார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கைப்பையில் எதையோ தேடினேன்.

படுக்கையிலிருந்து அம்மாதான் பதில் சொன்னார். "தெவசத்தன்னிக்கு நனைஞ்சுது. இவ அப்பவே மாத்தறேன்னா. நான்தான் தொடாதேன்னுட்டேன்."

மூட்டை எடுத்து ஐந்து மாதமாகிறது. வலது கால் குட்டையாகிவிட்டது. அம்மா கட்டிலோடு இருக்கிறார்; குழந்தை அந்தக் கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகுகிறாள். அவ சொன்னதைக் கேட்டிருக்கலாமேம்மா என்று கணவர் எப்போதாவது குறைப்படுவார். அம்மா தலையாட்டுவார். நான் அவரைத் துடைத்த துணியை வாளியில் முக்கிப் பிழிந்துகொண்டிருப்பேன்.