பூச்சுக்குள் போன மூடி

"ஏங்க, மூடி எங்கே?" என்று பெரியம்மா கேட்டாள்.

கட்டிலில் சாய்ந்திருந்த பெரியப்பா இடது கையைத் தூக்கி, பின்வாசலில் கிடந்த துவைக்கிற கல்லைக் காட்டினார். "அங்க."

"நேத்து தண்ணித் தொட்டியைக் காட்டினீங்க."

"அங்க."

"அதுக்கு முன்னாடி படிக்கட்டு. ஊருக்கே வீடு கட்டினவரு, சொந்த வீட்டுச் சாக்கடை மூடியை ஒளிச்சு வெச்சு விளையாடறாரு பாரு," என்று என்னிடம் சொன்னாள். பெரியப்பா சிரித்தார். வாய் ஒரு பக்கம் மட்டும் கோணியது.

"அங்கதான்," என்றார் மறுபடியும்.

பெரியப்பா கொத்தனார். மகன் கல்யாணத்துக்கு முன் பின்வாசல் முழுவதும் அவரே சிமெண்ட் பூசினார். குழாய் திரும்பும் இடத்திலிருந்த சின்னத் தொட்டியின் மூடி கண்ணை உறுத்துகிறது என்று அதன் மேலும் சேர்த்துப் பூசிவிட்டார். ஓர் அடையாளம் வைக்கச் சொன்ன பெரியம்மாவிடம், "நான் போட்ட பூச்சு எனக்குத் தெரியாதா?" என்றாராம். பக்கவாதம் வந்தபோது வலது கை காலோடும் பேச்சோடும் அந்த இடத்தின் நினைவும் போய்விட்டது.

சாக்கடை அடைத்துக்கொண்டால் அழுக்குத் தண்ணீர் எதிர்த்து ஏறி, முதலில் அவர் அறைக்குள்தான் நுழையும். பெரியம்மா தெருப்பக்கமிருந்து கம்பியை விட்டுக் குத்துவாள். அது திருப்பம் வரை போய் நின்றுவிடும். அடைப்பு எடுக்க வந்தவரும், "மூடியைத் திறக்காம நான் என்ன மந்திரமா போட முடியும்? தரையை மொத்தமாப் பேர்த்தா சுவர் தாங்காதும்மா," என்று போய்விட்டார்.

அன்று துவைக்கிற கல்லை நாங்கள் இருவரும் புரட்டித் தள்ளினோம். அவள் உளியைப் பிடிக்க, நான் சுத்தியலால் அடித்தேன். பூச்சு சுலபத்தில் விடவில்லை. "கஞ்சத்தனமே பண்ணாம சிமெண்டைக் கொட்டியிருக்காரு மகராசன்," என்றாள் மூச்சிரைக்க. பெயர்ந்ததும் வெறும் மண். தண்ணீர்த் தொட்டிக்கருகிலும் படிக்கட்டுக்கருகிலும் கிடைத்த அதே மண்.

நான் திரும்பினேன். பெரியப்பா கதவு வழியாகக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் இடது கையைப் பார்த்தார். அதை மெதுவாகப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

அதன்பின் அவர் எதையும் காட்டவில்லை. ஜன்னலைத் திறக்கவா என்று கேட்டாலும் கை வெளியே வரவில்லை. வாயில் மிஞ்சியிருந்த 'அங்க' என்ற ஒரு சொல்லும் நின்றது. சோற்றைப் பாதியில் ஒதுக்கினார். பெரியம்மா கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினாள். கேலி பேசுவதை விட்டுவிட்டாள்.

ஒரு சாயங்காலம் நான் கிளம்பும்போது தெருக்கதவு வரை வந்தாள்.

"நாளைக்கு வந்து அந்தக் கல்லு இருந்த குழிக்குக் கொஞ்சம் தள்ளி ரெண்டு தட்டு தட்டுடீ. 'மூடி கிடைச்சிடுச்சு பெரியப்பா, நீங்க காட்டின இடம்தான்'னு அவருக்குக் கேக்கற மாதிரிச் சொல்லு. நான் சொன்னா சமாதானத்துக்குச் சொல்றேன்னு நெனப்பாரு. நீ பொய் சொல்ல மாட்டேன்னு அவருக்குத் தெரியும். அறைக்குள்ள ஏறுற சாக்கடைத் தண்ணியை அவர் முழிக்கறதுக்குள்ள நான் தினமும் மொண்டு ஊத்திடறேன்."