புகை ஏறிய வெள்ளைச் சட்டை

குரங்கணிக்கு மேலே காடு திருத்தி ஏலத்தோட்டம் போட்டவன் நான். கழுதைப் பாதையை அகலப்படுத்தினேன், போடியில் கடை எழுப்பினேன். படிப்பு ஏறாத நான்தான் பள்ளிக்கூடத்துக்கு ஓடு வேய்ந்தேன். பணக்காரப் பிள்ளை, கூலிக்காரப் பிள்ளை என்ற பேதம் தெரியக் கூடாதென்று எல்லாருக்கும் ஒரே வெள்ளைச் சட்டையும் தைத்துக் கொடுத்தேன்.

மலையில் அடைமழை பிடித்தால் துணி காயாது. என் தோட்டத்து ஆட்கள் பிள்ளைகளின் ஒற்றைச் சட்டையை ஏலக்காய் உலர்த்தும் புகைக்கூடத்தில் காயப்போட்டார்கள். வெள்ளை பழுப்பாகிவிட்டது. வாத்தியார் அந்தப் பிள்ளைகளை மட்டும் வெளியே நிறுத்தினார்.

காய் பறிக்கும் ஒருத்தி என்னிடம் வந்தாள். "மொதலாளி, கந்தலோட போனப்பகூட உள்ளதான் உக்கார வச்சாக. நீங்க குடுத்த சட்டையப் போட்டுட்டுத்தான் எம்புள்ள வெளிய நிக்கிறான்."

வாத்தியாரிடம் போய்ச் சத்தம் போட்டேன். "வெள்ளையாத்தான் வரணும்னு நீங்கதானய்யா சொன்னீக" என்றார் அவர்.

அந்த வாரமே பணக்காரப் பிள்ளைகளின் சட்டை உட்பட அத்தனையையும் பழுப்புச் சாயத்தில் முக்கவைத்தேன். மலைப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். ஆனாலும் புகைநாற்றம் என்று கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. அது இன்றும் என்னை அரிக்கிறது.

பழுப்புச் சட்டை பள்ளிக் கமிட்டியின் யோசனை என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். இல்லை, அது என் யோசனை. அதைப் பள்ளிச் சுவரில் என் பெயர் போட்டே எழுதவேண்டும்.