மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது

என் தலைமுடி இப்போது காது வரைக்கும் சுருட்டை, காதுக்குக் கீழே நேர். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். போன வாரம் கண்டி பஸ் நிலையத்தில் ஒரு சின்னப் பிள்ளை தன் தாயின் கையைச் சுரண்டி என்னைக் காட்டியது. தாய் பிள்ளையை அதட்டிவிட்டு, தானும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. ஆறு வருடமாக மருந்து போட்டு நீட்டிய முடியை ஒரே நாளில் வெட்டிப்போட எனக்குத் துணிச்சல் இல்லை. வேரிலிருந்து சுருட்டையை வளரவிட்டு, நேர்முடியை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வருகிறேன்.

அலுவலகத்தில் என்னைத் தைரியசாலி என்கிறார்கள். இயற்கை முடிக்குத் திரும்ப மனவலிமை வேண்டுமாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி, "அக்கா, உங்களைப் பார்த்து நானும் நிப்பாட்டப்போறேன்" என்றாள். எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. முடி கொட்டியது, நிறுத்திவிட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். கொட்டியது உண்மைதான். ஆனால் கொட்டியதால் நிறுத்தவில்லை.

என் சுருட்டை அப்பாவிடமிருந்து வந்தது. கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வேலை முடிந்து வந்தால் முதலில் வாசலில் நின்று துண்டால் தலையைத் தட்டித் தட்டித் தேயிலைத் தூளை உதறுவார். பள்ளிக்கூடத்தில் என்னைத் தும்புத்தடி, வீடு கூட்டுகிற துடைப்பம், என்று கூப்பிடுகிறார்கள் என்று நான் அழுதபோது அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. "தொப்பி வாங்கத் தேவையில்லாத முடி புள்ள நம்ம முடி. குளிருக்கு எவ்வளவு நல்லது" என்றார். அந்தச் சமாதானம் எனக்குக் கொஞ்சமும் போதவில்லை.

படித்து முடித்து, கண்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தின் முன் கவுண்டரில் உட்கார்ந்தேன். பக்கத்துக் கதிரையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். நல்ல மனுஷி. மத்தியானச் சாப்பாட்டில் பாதியை என் தட்டில் வைக்கிறவர். முதல் வாரமே, "உம்மட தலையைக் கொஞ்சம் படிய இழுத்துக் கட்டுமன். நாலு ஆக்கள் வாற இடமெல்லோ" என்றார். அவர் சொன்னதில் விஷம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு ஒருநாள், படிவம் நிரப்ப வந்த ஒரு தமிழ்ப் பெரியவர் என் பெயரைக் கேட்பதற்கு முன்பே, "எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். வெறும் கேள்விதான்; ஆனால் தோட்டத்து ஆள் என்று என் தலையே சொல்லிவிட்டது போலிருந்தது. நான் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை சலூனில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

முடி நேரானதும் அந்தக் கேள்வி நின்றது. முடியினால்தான் நின்றதா, நான் பழகிய விதம் மாறியதால் நின்றதா என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. டவுன் பிள்ளை என்று நினைத்துப் பேசியவர்களை நான் திருத்தவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது, இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வேரில் சுருட்டை எட்டிப்பார்க்கும்போது, ஐந்து மணித்தியாலம் சலூன் கதிரையில் இருக்க வேண்டும். மருந்தைப் பூசி, கழுவி, சூட்டில் இழுத்து, மறுபடி மருந்து. அதற்குப் பிறகு மூன்று நாள் விதி. தலையில் தண்ணீர் படக்கூடாது. கட்டக்கூடாது, கிளிப் குத்தக்கூடாது, காதுக்குப் பின்னால் ஒதுக்கக்கூடக் கூடாது. மடிந்த இடம் மடிந்தபடியே நின்றுவிடுமாம். கோயில் விரதத்தைக்கூட நான் அவ்வளவு ஒழுங்காகப் பிடித்ததில்லை.

அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்து இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது. நான் கடைசியாக முடி நீட்டியது ஒரு சனிக்கிழமை. ஞாயிறு காலை அம்மா தொலைபேசியில் அழைத்து, "அப்பா போயிட்டாரு புள்ள" என்றார்.

கலஹாவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. நான் அழுதுகொண்டுதான் இறங்கினேன். அழுதுகொண்டே குடையை விரித்தேன். எங்கள் வீடு இருக்கிற லயத்துக்கு ஏறுகிற பாதையில் காற்று குடையைப் புரட்டப் பார்த்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அப்பா செத்துக் கிடக்கிறார், நான் தலை நனையாமல் மலை ஏறுகிறேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

வாசலில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு தலைவிரி கோலமாக அழுதுகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அப்பாவின் தங்கை, என் அத்தை, மார்பில் அடித்துக்கொண்டு கத்தினார். "பாருங்கடி! அண்ணன் போன சேதி கேட்டு, தலைய முடியக்கூட மனசில்லாம ஓடியாந்திருக்கு புள்ள!" அதைக் கேட்டு மற்றவர்களும் பெருங்குரலில் அழுதார்கள். என் முடி விரிந்து கிடந்தது சலூன்காரி சொன்னதால். அந்த இடத்திலேயே அள்ளி முடிந்திருக்கலாம். முடியவில்லை. அவர்கள் அழ, நானும் சேர்ந்து அழுதேன்.

அம்மா வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கையை எடுத்து என் நெற்றியில் வைத்தார். "புள்ளைக்கு மேலு சுடுது. நல்ல காய்ச்சல். யாரும் கிட்ட வந்து பிழிஞ்சு எடுக்காதீங்க. அந்தக் கதிரையில ஒக்காரட்டும்" என்று சொல்லி, வாசல் ஓரத்தில் தள்ளிக் கிடந்த கதிரையில் என்னை உட்கார வைத்தார். எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. மலை ஏறி வந்த சூடு; துக்கத்தில் அம்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் நீர்மாலைக்குக் கூப்பிட்டார்கள். எங்களிடம் அது மகள்களின் காரியம். பீலியில் கொட்டுகிற தண்ணீரில் தலையோடு நனைந்து, குடத்தில் தண்ணீர் பிடித்து, ஈரம் சொட்டச் சொட்ட வந்து தகப்பனின் உடம்புக்கு ஊற்ற வேண்டும். அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. அத்தை குடத்தோடு வந்து என் முன்னால் நின்றார்.

"எனக்குக் காய்ச்சல், அத்தை" என்றேன்.

அம்மாவின் வாயிலிருந்து வந்த சொல்லை எடுத்து அப்படியே நீட்டினேன். அத்தைக்குக் கண் கலங்கியது. "பாவம், நீ இரும்மா" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். சித்தியின் மகள் என் இடத்தில் போய் நனைந்து, பல் கிட்டுகிற குளிரில் நடுங்கிக்கொண்டு குடத்தைச் சுமந்து வந்தாள். ஆட்களின் தோள்களுக்கு இடையில் எனக்குத் தெரிந்தது அப்பாவின் தலை மட்டும்தான். தண்ணீர் விழ விழ அந்தச் சுருட்டை தளர்ந்து நெற்றியில் ஒட்டியது. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்ததும், காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொல்லித் தலை குளித்தேன். எங்கள் லயத்து அறையில், காம்பிராவில், மாட்டியிருந்த கண்ணாடியில் பார்த்தேன். முடி ஒரு நெளிவுகூட இல்லாமல் அச்சொட்டாக விழுந்திருந்தது. நன்றாக வந்திருக்கிறதே என்று சந்தோஷம் வந்தது, ஒரு நொடிதான். மற்றதற்கெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லலாம். அந்த ஒரு நொடிக்கு என்ன சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு சலூன் பக்கம் போகவில்லை.

அந்த வருடம் முழுக்க, எந்த விசேஷத்துக்குப் போனாலும் அத்தை என் கதையைத் தூக்கிக்கொண்டு வருவார். தலைய முடியல, காய்ச்சலே வந்துருச்சு, மகள்னா இப்படி இருக்கணும் என்று. நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவள்போல் இருப்பேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். அப்பாவைப் பற்றிய பேச்சைத் தாங்க முடியாமல் போகிறார் என்று நினைத்தேன்.

ஆண்டுத் திவசம் முடிந்த மறுநாள் காலை, அம்மா வாசலில் என்னை உட்கார வைத்து எண்ணெய் வைத்தார். வேரில் வளர்ந்திருந்த சுருட்டையைப் பிரித்துப் பிரித்து, "அப்புடியே ஒங்கப்பா முடி" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அம்மா, அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இல்ல. மொத நாள்தான் முடி நீட்டியிருந்தேன். தண்ணி படக்கூடாதுன்னாங்க. தலைய முடியாம இருந்தது அதுக்குத்தான். நீர்மாலைக்குப் போகாததும் அதுக்குத்தான்."

அம்மாவின் கை நின்றது.

"தெரியும்" என்றார். "கட்டிப் புடிச்சப்பவே மருந்து நாத்தம் மூக்குல ஏறிருச்சு. அப்பன் சாகக் கெடக்கறப்ப மக சலூன்ல இருந்திருக்கான்னு ஒங்க அத்தை காலத்துக்கும் பேசுவாளேன்னுதான் காய்ச்சல்னு சொன்னேன். யாரும் ஒன் கிட்ட வந்துறக் கூடாதுன்னு."

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. எண்ணெய்க் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக வாய்க்குப் பயந்து, அவரு பெத்த ஒத்தப் புள்ளைய அவருக்குத் தண்ணி ஊத்த விடாம ஓரத்துல ஒக்கார வச்சிட்டேன். ஒரு வருஷமா அதே நெனப்பு. நீ என்னைக்குக் கேப்பியோன்னு இருந்தேன். தப்பு என் மேலதான் புள்ள. மனசுல வச்சுக்காத."

தலையை ஆட்டிவிட்டு இருந்திருக்கலாம். அம்மா கொடுத்த கதிரை அது; உட்கார்ந்திருந்தால் கடைசிவரை உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவர் என் குற்றத்துக்காக ஒரு வருடம் தூங்காமல் இருந்திருக்கிறார்.

"நீங்க ஒக்கார வைக்காட்டியும் நான் போயிருக்க மாட்டேம்மா" என்றேன்.

அம்மா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். என் தலையில் ஒரு பக்கம்தான் எண்ணெய் வைத்து முடிந்திருந்தது. அம்மா திரும்பி வருவார் என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மற்றப் பக்கத்துக்கு நானே வைத்துக்கொண்டேன்.